கட்டியக்காரனை முந்திய ராஜா

மனிதன் ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டியது 1947இல் என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகங்களிலும் இருக்கும். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ மாட்டுவண்டி ஓட்டியவர் என்றால் இதைப் படித்துக் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். மனிதன் தாண்டியது வேண்டுமானால் 1947ஆக இருக்கட்டும், அவன் கையிலிருந்த சாட்டை அதற்கு வெகுகாலம் முன்பே தாண்டிவிட்டது.

நீளமான சாட்டையை வீசிச் சொடுக்கினால் ‘படீர்’ என்று வெடிக்கிறதே, அந்தச் சத்தம் மாட்டின் முதுகில் பட்டதால் வருவதில்லை. வெறுங்காற்றில் சொடுக்கினாலும் வெடிக்கும். உறுமி முழங்க, சாட்டையைச் சுழற்றியபடி தெருவில் வருபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கைப்பிடிப் பக்கம் தடிமனாகவும் நுனிப் பக்கம் மெல்லியதாகவும் இருக்கிறது சாட்டை. கை கொடுத்த வேகம் ஒரு வளையமாகச் சாட்டையில் ஓடுகிறது. போகப் போக அது தூக்க வேண்டிய எடை குறைகிறது, அதனால் வேகம் ஏறுகிறது. நுனிக்கு வரும்போது ஒலியையே மிஞ்சிவிடுகிறது. நமக்குக் கேட்கும் ‘படீர்’ ஒரு குட்டி சானிக் பூம், அதாவது ஒலியை மிஞ்சும்போது எழும் வெடிச்சத்தம். போர்விமானம் மேலே செய்வதும் இதையேதான்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரு பேருந்து இன்னொரு பேருந்தை முந்தினால் ‘டமார்’ என்று சத்தம் வருவதில்லை. ரயிலைக் கார் முந்தினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒலியை முந்தினால் மட்டும் ஏன் வெடிக்கிறது? அந்த வேகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பதில், ஒலி என்றால் என்ன என்பதில் இருக்கிறது.

தேரோட்டக் கூட்டத்தில் மாட்டிய அனுபவம் பலருக்கும் இருக்கும். பின்னால் யாரோ ஒருவர் தள்ளுவார். அவர் இடித்தவர் முன்னாலிருப்பவரை இடிப்பார், அவர் அடுத்தவரை. சிறிது நேரத்தில் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் தடுமாறுவார். பின்னால் இருந்தவர் முன்னால் வரவில்லை, அவருடைய தள்ளல் மட்டும் வந்து சேர்ந்தது. காற்றில் ஒலி போவதும் அப்படித்தான். மேளத்தோல் துடிக்கும்போது பக்கத்திலிருக்கும் காற்றை நெருக்குகிறது. அந்த நெருக்கம் அடுத்த காற்றுக்கு, அதற்கடுத்த காற்றுக்கு என்று கைமாறி நம் செவிப்பறையைத் தொடுகிறது.

ஆக, ஒலி என்பது நாம் கேட்பதற்காக மட்டும் இருக்கும் ஒன்றல்ல. காற்றில் ஓரிடத்தில் ஏதாவது நடந்தால் அந்தச் சேதி மற்ற இடங்களுக்குப் போகும் வழியே அதுதான். காற்றுக்குத் தபால், தந்தி, வாட்ஸ்அப் எல்லாமே ஒலி. அதைவிட வேகமான வழி ஒன்று அதனிடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

இந்தச் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது? துணி துவைக்கும் துறையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கண்ணால் காணக்கூடிய விஷயம். துணி கல்லில் அடிபட்டு மறுபடி மேலே போகும்போதுதான் ‘தப்’ என்ற சத்தம் வந்து சேரும். இடி மின்னலிலும் அதே கதை. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. மணிக்குக் கணக்கிட்டால் சுமார் 1,235 கிலோமீட்டர்.

இந்த எண்ணைத் துல்லியமாகப் பிடிக்க உலகில் நடந்த பழைய முயற்சிகளில் ஒன்று சென்னையில் நடந்தது. நம் பாடப்புத்தகங்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை. ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பாளர். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை, மாலை வேளைகளில் பீரங்கி வெடிப்பது அப்போது வழக்கம். கோல்டிங்ஹாம் 1820, 1821ஆம் ஆண்டுகளில் அந்தப் பீரங்கிகளையே தன் சோதனைக் கருவியாக்கிக்கொண்டார். நுங்கம்பாக்கத்திலிருந்து கோட்டை நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பரங்கிமலை சுமார் ஒன்பது கிலோமீட்டர். பீரங்கியின் ஒளி தெரிந்த நொடியிலிருந்து சத்தம் வந்து சேரும்வரை கடிகாரத்தை வைத்து எண்ணுவது, அவ்வளவுதான் வேலை. பரங்கிமலைச் சத்தம் வர ஏறத்தாழ 26 நொடி ஆகும். இன்று அந்த வழியில் நின்றால் பக்கத்திலிருக்கும் ஆட்டோ ஹாரனைத் தவிர எதுவும் கேட்காது. அன்றைய மெட்ராஸின் அமைதியை யோசித்துப் பாருங்கள்.

ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. மாதக்கணக்கில், நூற்றுக்கணக்கான வெடிகளுக்கு நேரம் குறித்தார். கூடவே அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதி வைத்தார். முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தன. அவர் கண்டது இது: மார்கழி, தைக் குளிரில் ஒலி மெதுவாக வருகிறது, வெயில் மாதங்களில் வேகமாக வருகிறது.

ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பம்தான். காற்றின் மூலக்கூறுகள் சும்மா நிற்பதில்லை, நொடிக்கு 450, 500 மீட்டர் வாக்கில் எல்லாத் திசையிலும் பறந்து ஒன்றையொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. சேதியைச் சுமப்பவை அவைதான். தபால்காரர் எவ்வளவு வேகமாக ஓடுகிறாரோ அவ்வளவு வேகமாகத்தான் தபால் வரும். சூடு ஏறினால் அவை வேகமாக ஓடும், சேதியும் வேகமாகப் போகும். டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். பூஜ்ய டிகிரியில் 331 மீட்டர். விமானங்கள் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மைனஸ் 56 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும், அங்கே 295 மீட்டர்தான்.

உயரத்தில் ஒலி மெதுவாகப் போவதற்குக் காற்று மெலிந்திருப்பது காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், சில பாடக் குறிப்புகளில்கூட அப்படி எழுதியிருக்கும். அது தவறு. மெலிந்த காற்றானாலும் அடர்ந்த காற்றானாலும் வெப்பம் ஒன்றாக இருந்தால் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்தான் காரணம். இன்னொரு தவறும் உண்டு: ‘அடர்த்தி கூடினால் ஒலி வேகமாகப் போகும், அதனால்தான் தண்ணீரிலும் இரும்பிலும் வேகம் அதிகம்.’ தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர், எஃகில் 5,000க்கும் மேல் என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அவை எளிதில் நசுங்க மறுக்கும் விறைப்பு. அடர்த்தி மட்டும் கூடினால் ஒலி மந்தமாகத்தான் ஆகும். காற்றைவிட லேசான ஹீலியத்தில் ஒலி ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகப் போகிறது. ஹீலியம் பலூன் காற்றை இழுத்துவிட்டுப் பேசினால் குரல் கீச்சென்று மாறுவது அதனால்தான்.

இந்த வேகத்தைக் காகிதத்தில் கணக்கிட்டே கண்டுபிடிக்க நியூட்டன் 1687இல் முயன்றார். விடை நிஜத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக வந்தது. மறுபதிப்பில் ஏதேதோ காரணங்களைச் சேர்த்து, அளந்த எண்ணோடு பொருந்தும்படி கணக்கைச் சரிக்கட்டினார். விடையைப் பார்த்து வழியை எழுதும் பழக்கம் பரீட்சை ஹாலில் பிறந்ததல்ல என்பது ஒரு ஆறுதல். உண்மைக் காரணத்தைச் சொன்னவர் பிரான்சின் லாப்லாஸ், 1816இல். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா? காற்றை நெருக்கினால் சூடாகும். ஒலி போகும்போது காற்று நெருங்குகிறது, அந்த இடம் ஒரு கணம் சூடாகிறது, அந்தச் சூடு பரவி ஆறுவதற்குள் அலை கடந்துவிடுகிறது. நியூட்டன் விட்டுவிட்டது அந்தச் சூட்டைத்தான்.

இனி வேகத்தைத் தாண்டுவதற்கு வருவோம்.

பழைய ராஜா கதைகளில் அரசர் வீதியில் வரும்போது முன்னால் ஒரு கட்டியக்காரன் ‘பராக்! பராக்!’ என்று கூவிக்கொண்டு போவான். கூட்டம் அதைக் கேட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கும். ராஜா வரும்போது வழி தயாராக இருக்கும், யார் மேலும் யாரும் இடிக்க மாட்டார்கள். சாதாரண வேகத்தில் பறக்கும் விமானத்துக்கும் ஒரு கட்டியக்காரன் உண்டு. விமானம் தன் மூக்கால் காற்றைத் தள்ளும்போது அந்தத் தள்ளல் ஒலியாக முன்னே ஓடுகிறது. எதிரே இருக்கும் காற்று, விமானம் வருவதற்கு முன்பே மெல்ல விலகி, இறக்கையின் மேலும் கீழும் வழுக்கிப் போகத் தயாராகிவிடுகிறது.

இப்போது ராஜாவின் குதிரை வேகமெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியக்காரனால் ஓரளவுக்கு மேல் ஓட முடியாது. இருவருக்கும் நடுவே இடைவெளி குறைகிறது, கூட்டம் ஒதுங்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. ஒரு கட்டத்தில் ராஜாவும் கட்டியக்காரனும் ஒன்றாக வருகிறார்கள். அதற்கு மேல் ராஜா முந்திவிடுகிறார். ‘பராக்’ என்ற சத்தம் பின்னால் எங்கேயோ கேட்கிறது, கூட்டம் எதுவும் அறியாமல் நடுத்தெருவில் நிற்கிறது, குதிரை வந்து மோதுகிறது.

ஒலியை மிஞ்சும்போது காற்றுக்கு நடப்பது இதுதான். விலகச் சொல்லி எந்தச் சேதியும் வரவில்லை. விமானம் திடீரென்று வந்து இடிக்கிறது. காற்று மயிரிழையைவிட மெல்லிய ஓர் அடுக்கில் சட்டென்று நெருங்கி, சூடாகி, தடாலென்று ஒதுங்குகிறது. அந்த மெல்லிய அடுக்குக்குத்தான் அதிர்ச்சி அலை என்று பெயர். சாதாரண ஒலியில் அழுத்தம் ஏறி இறங்குவது சரிவுப்பாதை மாதிரி என்றால் இது செங்குத்துச் சுவர். பேருந்தை முந்தும் பேருந்து வெடிக்காததற்கும் விமானம் வெடிப்பதற்கும் வித்தியாசம் இதுதான். விமானம் முந்துவது பக்கத்தில் ஓடும் வேறொரு வண்டியை அல்ல, தன் வருகையைச் சொல்லும் சேதியையே முந்துகிறது.

முந்திய பிறகு அந்த அதிர்ச்சி அலை எங்கே போகும்? அமைதியான குளத்தில் வேகமாகப் போகும் படகைப் பாருங்கள். படகின் அலைகள் அதற்கு முன்னால் போக முடியாமல், மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் பின்னோக்கி விரியும் ஒரு கவட்டை போலாகிவிடும். விமானத்துக்கு மேலும் கீழும்கூட காற்று இருப்பதால் அந்தக் கவட்டை, கூம்பாகிறது. வேகம் கூடக் கூடக் கூம்பு ஒடுங்கும்.

1887இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய அறிவியலாளரும் பீட்டர் சால்ஷரும், பறக்கும் துப்பாக்கிக் குண்டின் இந்தக் கூம்பைப் புகைப்படமாக வெளியிட்டார்கள். விமானமே இல்லாத காலம் அது. அவர் பெயரால்தான் மாக் எண் என்கிறோம். ஒரு பொருளின் வேகத்தை, அது இருக்கும் இடத்தில் ஒலிக்கு என்ன வேகமோ அதால் வகுத்தால் மாக் எண். மாக் 1 என்றால் ஒலியின் வேகம், மாக் 2 என்றால் இரண்டு மடங்கு.

‘அது இருக்கும் இடத்தில்’ என்ற சொற்கள் முக்கியம். அமெரிக்க விமானி சக் யேகர் 1947 அக்டோபர் 14 அன்று கலிபோர்னியாப் பாலைவனத்துக்கு மேலே எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தில் மாக் 1.06 தொட்டார். அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 1,127 கிலோமீட்டர். அதே வேகத்தில் தரையை ஒட்டிப் பறந்திருந்தால் சாதனையே இல்லை, 13 கிலோமீட்டர் உயரக் குளிரில் பறந்ததால் சாதனை. ஆண்டி கிரீன் 1997 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் த்ரஸ்ட் எஸ்எஸ்சி என்ற காரை 1,228 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். யேகரைவிட நூறு கிலோமீட்டர் அதிகம், ஆனாலும் தரையில் அது மாக் 1.02 மட்டுமே.

யேகரின் கதையில் கொஞ்சம் நிற்கலாம். ஒலியின் வேகம் ஒரு சுவர் என்ற பயம் அப்போது உண்மையாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-38 போன்ற போர்விமானங்கள் செங்குத்தாகப் பாயும்போது, ஒலியின் வேகத்தை எட்டுவதற்கு முன்பே குலுங்கத் தொடங்கின. மூக்கு கீழே இழுத்தது, விமானி எவ்வளவு பலம் கொண்டு இழுத்தாலும் மேலே வரவில்லை. சிலர் அப்படியே தரையில் மோதி இறந்தார்கள். பிரிட்டனில் விமானம் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் 1946 செப்டம்பரில் டிஎச் 108 விமானம் உடைந்து இறந்தார்.

ஒலியின் வேகத்தை எட்டாமலே ஏன் இந்தப் பாடு? இறக்கையின் மேற்பக்க வளைவில் காற்று, விமானத்தைவிட வேகமாக ஓடும். விமானம் மாக் 0.8இல் இருக்கும்போதே இறக்கையின் மேல் அங்கங்கே காற்று மாக் 1ஐத் தாண்டிவிடும். அங்கே ஒரு குட்டி அதிர்ச்சி அலை முளைக்கும், அதற்குப் பின்னால் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து குழம்பும். வால் இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்து மாட்டிய பலகையை ஆட்டித்தான் விமானி மூக்கைத் தூக்குவார். அந்தப் பலகை குழம்பிய காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் அதை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை. காற்றின் எதிர்ப்பும் இந்த இடத்தில் மளமளவென்று ஏறும்.

எக்ஸ்-1ஐச் செய்தவர்கள் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். ஒலியை மிஞ்சி, ஆடாமல் போகும் பொருள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: துப்பாக்கிக் குண்டு. விமானத்தின் உடலை அதே வடிவத்தில் செய்தார்கள். இறக்கை மெல்லியது. பலகையை மட்டும் ஆட்டுவதற்குப் பதில் வாலின் கிடைமட்ட இறக்கை முழுவதையும் சாய்க்க முடிந்தது. உண்மையில் சுவரைத் திறந்த சாவி அதுதான் என்பேன். ராக்கெட் இன்ஜின் உரக்கப் பேசப்படுகிறது, இந்த வால் பேசப்படுவதில்லை.

பறப்பதற்கு இரண்டு நாள் முன்பு யேகர் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டார். சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்று மேலிடத்துக்கு மறைத்தார். வலியோடு விமானத்தின் கதவைக் கையால் இழுத்துப் பூட்ட முடியாது. அதற்காக நண்பரும் பொறியாளருமான ஜாக் ரிட்லி ஒரு துடைப்பக் கட்டையை வெட்டிக் கொடுத்தார், அதை நெம்புகோலாக வைத்துப் பூட்டிக்கொண்டார். பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து எக்ஸ்-1 கழற்றிவிடப்பட்டது. மாக் 1ஐ நெருங்கும்வரை குலுக்கல், தாண்டியதும் அமைதி. சுவர் என்று பயந்த இடத்தில் மேடு பள்ளமான ஒரு சாலைதான் இருந்தது.

அப்படியானால் விமானிக்கு அந்த வெடிச்சத்தம் கேட்குமா? கேட்காது. சத்தம் அவருக்குப் பின்னால் அல்லவா வருகிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒலியை மிஞ்சிப் பறந்த காங்கார்டு விமானத்தில் போனவர்களுக்கு மாக் 1ஐத் தாண்டியது, முன்னாலிருந்த எண் பலகையைப் பார்த்துத்தான் தெரியும்.

இதையொட்டி இன்னொரு தவறான நம்பிக்கையையும் கழற்றிவிடலாம். ‘ஒலித்தடையை உடைக்கும் கணத்தில் ஒரு முறை வெடிக்கும், பிறகு வெடிக்காது’ என்று நினைக்கிறோம். அப்படியல்ல. விமானம் மாக் 1க்கு மேல் இருக்கும் நேரம் முழுக்க அந்தக் கூம்பு கூடவே வருகிறது. புடவை முந்தானை தரையில் இழுபடுவதுபோல அதன் விளிம்பு தரையில் இழுபடுகிறது. அது எந்த ஊரைக் கடக்கிறதோ அந்த ஊருக்கு ஒரு ‘டமார்’. அடுத்த ஊருக்கு அடுத்த நொடியில் இன்னொன்று. ஒவ்வொருவரும் ஒரு முறைதான் கேட்கிறார்கள், அதனால் ஒரு முறைதான் வெடித்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 15 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் இந்த முந்தானையின் அகலம் சுமார் 80 கிலோமீட்டர் இருக்கும்.

இணையத்தில் சுற்றும் ஒரு படமும் இந்தக் குழப்பத்துக்குத் துணை. போர்விமானத்தைச் சுற்றி வெள்ளைப் பாவாடை விரித்ததுபோல மேகம் இருக்கும், ‘ஒலித்தடையை உடைத்த நொடி’ என்று எழுதியிருப்பார்கள். அது ஈரக்காற்றில் அழுத்தம் சட்டென்று குறைந்து நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாகும் காட்சி. மாக் 1க்குக் கீழே பறக்கும்போதும் வரும்.

அந்த ‘டமார்’ எவ்வளவு பெரியது? காங்கார்டு உண்டாக்கிய அழுத்த உயர்வு சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் மாடிப்படியில் இரண்டு மூன்று தளம் இறங்கினாலே காதுக்கு அந்த அளவு மாற்றம் கிடைத்துவிடும். ஆனால் படி இறங்க ஒரு நிமிடம் ஆகிறது, இங்கே ஒரு நொடியில் சிறு துளி நேரத்தில் நடந்துவிடுகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்வது அந்த வேகத்தால்தான். மூக்கிலிருந்து ஓர் அலை, வாலிலிருந்து ஓர் அலை என்பதால் உண்மையில் அது ‘டம்-டம்’. சிறிய விமானம் என்றால் இரண்டும் ஒட்டி ஒன்றாகக் கேட்கும்.

மக்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்களா என்று பார்க்க அமெரிக்க அரசு 1964இல் ஓக்லஹோமா சிட்டி என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தது. பிப்ரவரி தொடங்கி ஆறு மாதம், 1,253 முறை அந்த ஊரின் தலைக்கு மேலே விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறந்தன. ஜன்னல்கள் உடைந்தன, நஷ்டஈடு கேட்டு மனுக்கள் குவிந்தன. சோதனை முடியும்போது நாலில் ஒருவர், இதனோடு வாழ முடியாது என்றார். நாலில் மூவர் சரி என்கிறார்களே என்று ஒரு பொறியாளர் மகிழலாம். ஆனால் நாலில் ஒருவர் கோபமாக இருக்கும் ஊரில் ஓட்டுக் கேட்க எந்த அரசியல்வாதியும் விரும்ப மாட்டார். 1973இல் அமெரிக்கா தன் நிலத்தின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறக்கத் தடை விதித்தது.

காங்கார்டின் தலையெழுத்தை எழுதியதில் இந்தச் சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்த அந்த விமானம் 1969இல் முதன்முதலில் பறந்தது, 1976 ஜனவரியில் பயணிகளை ஏற்றியது. மாக் 2, 18 கிலோமீட்டர் உயரம், லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரம். காலை பத்தரைக்கு லண்டனில் ஏறினால், நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே மணி பத்துகூட ஆகியிருக்காது. காற்றை இடித்து இடித்து மூக்கு நுனி 127 டிகிரிவரை சூடாகும், உடல் 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீட்சியில் விமானிகளின் அறையில் ஓர் இடுக்கு திறக்கும். கடைசிப் பயணங்களில் சில பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அந்த இடுக்கில் செருகிவிட்டார்கள். தரையிறங்கி உலோகம் ஆறியதும் இடுக்கு மூடிக்கொண்டது, தொப்பி அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் எங்கே பறப்பது? கடலுக்கு மேல் மட்டும்தான். 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாக சிங்கப்பூருக்கு காங்கார்டு வந்தது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம் பூசிய விமானம். மூன்று தடவை போய்வந்ததும் மலாக்கா நீரிணைக்கு மேல் சத்தம் என்று மலேசியா எதிர்த்தது, சேவை நின்றது. 1979இல் மறுபடி தொடங்கினாலும், இந்திய வான்வெளியில் ஒலியை மிஞ்சிப் பறக்க அனுமதி இல்லை. சுற்றிப் போனாலும் மெதுவாகப் போனாலும் நஷ்டம். 1980இல் அந்த வழித்தடம் முடிந்தது. நூறு பேரைச் சுமக்க மணிக்கு 20 டன் எரிபொருள் குடிக்கும் விமானத்துக்குப் பணக்காரர்கள் நிறைந்த ஓரிரு கடல்வழிகள்தான் மிஞ்சின. 2000இல் பாரிஸ் அருகே நடந்த விபத்தில் 113 பேர் இறந்தனர். 2003இல் காங்கார்டு ஓய்வு பெற்றது.

இப்போது இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். ஒன்று, வெடியை மெத்தென்று ஆக்குவது. நாசாவின் எக்ஸ்-59 விமானத்தின் மூக்கு, முழு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. உடலின் வெவ்வேறு பகுதிகளில் எழும் அதிர்ச்சி அலைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் தனித்தனியாகவே தரைக்கு வர வேண்டும் என்பது திட்டம். அந்த மூக்கால் முன்புறம் ஜன்னலே இல்லை, விமானி கேமரா வழியாகத்தான் எதிரே பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் அது முதன்முறை பறந்தது.

இன்னொரு வழி கோல்டிங்ஹாம் பார்த்த அதே வெப்பத்தைப் பயன்படுத்துகிறது. மேலே காற்று குளிர்ச்சி, கீழே சூடு. கீழே வர வர ஒலியின் வேகம் கூடுவதால் அலை வளைந்து மேல்நோக்கித் திரும்புகிறது. விமானம் மாக் 1ஐக் கொஞ்சம் மட்டும் தாண்டி, போதிய உயரத்தில் பறந்தால் அலை தரையைத் தொடாமலே திரும்பிவிடும். பூம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எக்ஸ்பி-1 விமானம் 2025 ஜனவரியில் மாக் 1.1 அளவில் பறந்தபோது தரையில் வெடிச்சத்தம் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் பொருத்தம் தனி நகைச்சுவை.

2020 மே 20 அன்று மதியம் பெங்களூருவில் ஒரு பெருஞ்சத்தம் கேட்டது. ஊரடங்குக் காலம், தெருக்கள் அமைதி. விமான நிலையப் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிவரை ஜன்னல்கள் அதிர்ந்தன. நிலநடுக்கமா, எங்காவது வெடிவிபத்தா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நிலநடுக்கக் கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை. மாலையில் பாதுகாப்புத் துறை விளக்கம் தந்தது: விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட வான்பகுதியில் ஒலியை மிஞ்சிப் பறந்தது, 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய் என்று போர்விமானங்கள் நிற்கும் தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமான விஷயமல்ல.

அன்று பலரும் மாடிக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். 12 கிலோமீட்டர் உயரத்தில், மாக் 1.4 வேகத்தில், ஒரு விமானம் நேராக நம் தலைக்கு மேலே போகிறது என்று வைத்துக்கொண்டால், சத்தம் நம்மைத் தொடும்போது அது நம்மைக் கடந்து தோராயமாக 12 கிலோமீட்டர் போயிருக்கும். அடுத்த முறை கண்ணாடி அதிர்ந்தால் தலைக்கு நேர்மேலே தேடாதீர்கள்.